மெடுலரி வகைப் பெருங்குடல் புற்றுநோய் பரம்பரையாக வருமா?

பரந்தன் மகள்:
72 வயதான அம்மாவின் பெருங்குடலில், வலப்பக்கத்தில் இருந்த கட்டியை அகற்றிய பின் கிடைத்த அறிக்கையில், ‘மெடுலரி கார்சினோமா, எம்.எல்.எச்.1, பி.எம்.எஸ்.2 புரதங்கள் இல்லை’ என்ற வரியின் கீழ் யாரோ பென்சிலால் கோடிட்டிருக்கிறார்கள். அதைப் பொலித்தீன் பையில் சுற்றிக்கொண்டு அடுத்த வாரம் தெல்லிப்பழை ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏறவிருக்கிறோம். பிள்ளைகளாகிய நாங்களும் பயப்பட வேண்டுமா?

முறிகண்டி வாசகர்:
தங்கச்சி, அந்த வரியை மட்டும் வைத்து முடிவுசெய்ய முடியாது. டி.என்.ஏ. பிரதியாகும்போது நேரும் எழுத்துப்பிழைகளைத் திருத்தும் மரபணுக்களுள் எம்.எல்.எச்.1 ஒன்று, அதன் புரதம் இல்லாவிட்டால் இணையான பி.எம்.எஸ்.2 நிலைத்து நிற்காது என்பதால், இரண்டும் சேர்ந்தே காணாமற்போகின்றன. முதிய வயதில் பெரும்பாலும் மெதைலேற்றத்தால் (மரபணுவின் மேல் வேதிக் குறிகள் ஒட்டி அதை இயங்காமற் செய்வது) அந்த மரபணு கட்டிக்குள் மட்டுமே அணைந்திருக்கும், பி.ஆர்.ஏ.எவ். என்ற வேறொரு மரபணுவில் வி600ஈ என்ற மாற்றமும் கட்டியில் காணப்பட்டால் பரம்பரை நோயாக இருக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. இவை இரண்டும் இல்லையென்றால்தான் லிஞ்ச் நோய்த்தொகுதி (இத்திருத்தும் மரபணுக்களில் ஒன்று பிறப்பிலேயே பழுதாயிருக்கும் பரம்பரை நிலை) உண்டா என்று இரத்தத்தில் பார்க்க வேண்டும். அது உறுதியானால் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது கடந்திருக்க 50 சதவீத வாய்ப்பு உண்டு. அப்படிக் கடந்தவர்கள் கொலனோஸ்கொப்பியும் (கமரா குழாயால் பெருங்குடலைப் பார்க்கும் சோதனை) ஒழுங்காகச் செய்துவர வேண்டும்.

வவுனியா தாதி:
அக்கா, மெழுகில் பதித்த இழையத்தை ஆய்வுகூடம் வைத்திருக்கும், பி.ஆர்.ஏ.எவ். சோதனையை அதிலேயே செய்யலாம், அம்மாவை மறுபடி வருத்த வேண்டியதில்லை. நுணுக்குக்காட்டியில் மூர்க்கமாகத் தோன்றினாலும், நிணக்கலங்கள் (நோயெதிர்ப்புக் கலங்கள்) மொய்த்திருக்கும் இவ்வகை, அதைப்போல் வேறுபாடு குன்றிய (இயல்பான கலங்களின் சாயலை இழந்த) மற்றக் கட்டிகளைவிடப் பொதுவாகச் சாதுவானதே.