மொட்டையோடு சபைக்கூடலில் நின்ற பையன்

மாணவர் நல ஆசிரியை, சுங்கை சிப்புட், மலேசியா
நாலாம் ஆண்டுப் பையன். அப்பாவுக்குக் கொள்ளி வைத்த மொட்டையோடு திங்கட்கிழமை சபைக்கூடலில் நிற்கிறான். "எந்தக் கோயிலுக்கு வேண்டுதல்?" என்று ஒரு மாணவர் தலைவன் கேட்டான். பையன் இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டான். இழவு வீட்டுக்குப் பள்ளியே திரண்டு போனது. வகுப்புப் பிள்ளைகளிடம் மட்டும் யாரும் எதுவும் சொல்லவில்லை. அவன் வருவதற்கு முந்தின நாளே வகுப்பாசிரியர் பேசியிருக்க வேண்டும். பத்து நிமிட வேலைதான். மலாய், விளையாட்டு ஆசிரியர்கள், சிற்றுண்டிச்சாலை அக்கா, பள்ளி வேன் ஓட்டுநர் வரைக்கும் தகவல் போக வேண்டும்.

பாலர் பள்ளி ஆசிரியை
"அப்பா தூங்குறாரு" என்று பெரியவர்கள் சொன்னதால் ஐந்து வயதுப் பிள்ளை மத்தியானம் பாயை விரித்தாலே அலறுகிறது. ஏழு வயதுக்குக் கீழே பல பிள்ளைகளுக்கு, போனவர் திரும்ப மாட்டார் என்பது பிடிபடாது. "அப்பா செத்துட்டாரு. உடம்பு வேலை செய்யறது நின்னுபோச்சு. இனி வலிக்காது, பசிக்காது, திரும்பி வரவும் முடியாது." இப்படி நேராகச் சொல்லுங்கள். அதே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கும். அதே பதிலையே சொல்லுங்கள்.

ஆலோசக ஆசிரியர், பேராக்
முந்தின நாளே வகுப்பில் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை, டீச்சர். முதலில் அம்மாவையும் பையனையும் கேளுங்கள். அவர்கள் ஒத்துக்கொண்டதை மட்டும் சொல்லுங்கள். தற்கொலை என்றால் எப்படி என்ற விவரமே வேண்டாம்.

இன்னொன்று: கருமாதி முடிந்ததும் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். மூன்று மாதம் கழித்துத்தான் வயிற்றுவலி, சண்டை, முடிக்காத வீட்டுப்பாடம் என்று வெளியே வரும். அழுகை வந்தால் காட்டிவிட்டு வெளியேற ஓர் அட்டை கொடுங்கள், காரணம் கேட்காதீர்கள். ஆனால் போகுமிடம் முன்பே முடிவாகியிருக்க வேண்டும், அங்கே ஒரு பெரியவர் இருக்க வேண்டும். இல்லையென்றால் கழிவறையில் தனியே உட்கார்ந்திருப்பான். ஜூன் மூன்றாம் ஞாயிறு தந்தையர் தினம். வாழ்த்து அட்டை செய்யும் பாடத்துக்கு முந்தைய வாரமே, யாருக்குச் செய்ய விரும்புகிறான் என்று தனியாகக் கேளுங்கள். அப்பாவுக்கே செய்ய வேண்டும் என்றால் தடுக்காதீர்கள்.

பெற்றோர் ஆசிரியர் சங்கச் செயலாளர்
ஒரு சிறுமியிடம் பள்ளிக் கடிதத்தை நீட்டினார்கள். மேலே இறந்த அப்பாவின் பெயர். அவள் அதைத் திருப்பித் தரவே இல்லை. பள்ளியின் மாணவர் தகவல் பதிவில் பெற்றோர் விவரத்தை அந்த வாரமே திருத்துங்கள்.

கேட்காமலே சொல்கிறேன்: அப்பா சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சந்தா) கட்டியிருந்தாரா என்று அம்மாவிடம் விசாரியுங்கள். தகுதி இருந்தால் பிள்ளைகளுக்கு 21 வயது வரை ஓய்வூதியம் உண்டு. இறப்புச் சான்றிதழ், பிறப்புப் பத்திரம், திருமணப் பத்திரம் வேண்டும். கோயிலில் தாலி கட்டிப் பதியாமல் விட்ட குடும்பங்களில் அம்மாவின் பங்குதான் சிக்கலாகும். உடனடி உதவிக்கு அரசாங்க உதவித் தொலைபேசி 'தாலியான் காசே' (Talian Kasih) 15999.