லினக்ஸ் மின்ட்டில் மெய்நிகர் கணினி: விர்ச்சுவல்பாக்ஸா, கேவிஎம்மா?

கேள்வி:
வணக்கம். 8 ஜிபி ரேம் உள்ள மடிக்கணினியில் மூன்று மாதங்களாக லினக்ஸ் மின்ட் பயன்படுத்துகிறேன். கட்டளைகளைப் பழகப்போய் அன்றாட வேலைக்கான கணினியையே கெடுத்துக்கொள்வேனோ என்ற அச்சத்தால், டெபியன் என்ற இன்னொரு லினக்ஸை ஒரு மெய்நிகர் கணினியில் (கணினிக்குள் மென்பொருளாக இயங்கும் இன்னொரு கணினி) நிறுவிப் பழக விரும்புகிறேன். அதற்கான விர்ச்சுவல்பாக்ஸ் மென்பொருளை நிறுவினேன், செயலியின் மெய்நிகர் வசதியான விடி-எக்ஸ் முடக்கப்பட்டிருப்பதாகச் சொல்லி நின்றுவிட்டது. இதைச் சரிசெய்வதா, லினக்ஸின் சொந்த மெய்நிகர் வசதியான கேவிஎம்முக்கு மாறுவதா?

மறுமொழி 1:
எதைத் தேர்ந்தெடுத்தாலும் முதலில் பயாஸுக்குள் (கணினி தொடங்கும்போது திறக்கும் அடிப்படை அமைப்புத் திரை) சென்றாக வேண்டும். செயலி இன்டெல் என்றால் விடி-எக்ஸ் அல்லது விர்ச்சுவலைசேஷன் டெக்னாலஜி என்றும், ஏஎம்டி என்றால் எஸ்விஎம் என்றும் ஓர் அமைப்பு இருக்கும். அதை இயக்கிச் சேமியுங்கள். பின்னர் சிபியு-செக்கர் பொதியை நிறுவி, கேவிஎம்-ஓகே என்ற கட்டளையைக் கொடுத்தால் அந்த வசதி இயங்குகிறதா என்பது தெரிந்துவிடும்.

மறுமொழி 2:
நான் கேவிஎம்மையே பரிந்துரைப்பேன். 2007-இல் வெளியான 2.6.20 பதிப்பிலிருந்து அது லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலிலேயே இருக்கிறது. விர்ச்சுவல்பாக்ஸ் தனக்கான கெர்னல் மாட்யூலைத் (கெர்னலுடன் இணையும் துணை நிரல்) தனியே கொண்டுவருவதால், கெர்னல் புதுப்பிக்கப்படும்போதெல்லாம் அதை மீண்டும் கட்டமைக்க வேண்டியிருக்கிறது. கையொப்பமிட்ட நிரல்களை மட்டும் அனுமதிக்கும் செக்யூர் பூட் இயங்கினால் அதற்குக் கையொப்பமும் இட வேண்டும். கேவிஎம்மில் இந்தத் தொல்லை இல்லை. கேவிஎம்மை நிர்வகிக்கும் விர்ட்-மேனேஜரை நிறுவி, உங்கள் பயனர் கணக்கை, மெய்நிகர் கணினிகளை இயக்க அனுமதி தரும் லிப்விர்ட் குழுவில் சேர்த்தபின், ஒருமுறை வெளியேறி மீண்டும் உள்நுழையுங்கள். பலர் தடுக்கி விழுவது இந்தக் கடைசிப் படியில்தான்.

வரைகலை இடைமுகம் இல்லாத டெபியனுக்கு 2 ஜிபி ரேமும் 20 ஜிபி வட்டும் தாராளம். கியூகவ்2 என்ற கோப்பு வடிவில் அந்த வட்டை உருவாக்கினால், அந்த 20 ஜிபியும் உடனே பறிபோகாது; உள்ளே எழுத எழுதத்தான் கோப்பு வளரும். ரேம் விஷயத்தில் மட்டும் தாராளம் வேண்டாம். தொடக்கத்தில் நான் எட்டில் ஆறு ஜிபியைத் தூக்கிக் கொடுத்துவிட்டு, சுட்டியை நகர்த்தவும் முடியாமல் உட்கார்ந்திருந்தேன்.

மறுமொழி 3:
முந்தைய கருத்துடன் எனக்கு முழு உடன்பாடில்லை. கோப்புறையைப் பகிர்வது போன்றவை விர்ச்சுவல்பாக்ஸில் எளிது. விண்டோஸிலும் அதே திரைதான். ஆனால் இரண்டையும் ஒரே நேரத்தில் இயக்க முயலாதீர்கள். கெர்னல் 6.12 முதல், கேவிஎம் மாட்யூல் ஏற்றப்பட்டவுடனேயே செயலியின் மெய்நிகர் வசதியைத் தன்வசம் எடுத்துக்கொள்வதால், விர்ச்சுவல்பாக்ஸ் பிழை காட்டலாம்.

எதில் நிறுவினாலும், டெபியன் தயாரானவுடன் ஒரு ஸ்னாப்ஷாட் (அந்த நேரத்து நிலையின் பதிவு) எடுத்துவிடுங்கள். ஆனால் அதுவும் அதே வட்டில்தான் இருக்கிறது. காப்புப் பிரதி என்று நம்பிவிடாதீர்கள்.

கேட்டவர்:
நன்றி. பயாஸில் விடி-எக்ஸ் அணைந்திருந்தது. விர்ட்-மேனேஜரில் டெபியனை நிறுவி, ஸ்னாப்ஷாட் எடுத்தபின், துணிந்து, அமைப்புக் கோப்புகள் உள்ள ஈடிசி கோப்புறையை அழித்தேன். இரண்டே சொடுக்குகளில் பழைய நிலைக்குத் திரும்பியது. ஆனால் அதற்குள் இயங்கும் வலைச் சேவையகத்தைக் கைபேசியிலிருந்து திறக்க முடியவில்லையே?

மறுமொழி 2:
அதன் முகவரி 192.168.122 என்று தொடங்குகிறதா? அது நாட் வலையமைப்பு, அதாவது மடிக்கணினிக்குள்ளேயே அமைந்த தனி வலையமைப்பு. உங்கள் மடிக்கணினியிலிருந்து மட்டுமே அணுகலாம். கைபேசிக்கும் தெரிய வேண்டுமானால், மெய்நிகர் கணினியை வீட்டு வலையமைப்புடன் நேரடியாக இணைக்கும் பிரிட்ஜ் அமைக்க வேண்டும். அதை வைஃபையில் முயலாமல் ஈதர்நெட் கம்பியில் செய்யுங்கள்.