குவால்ஸ் முடிந்த அன்றே கேண்டிடேட்டா? யார் சொன்னது?

குறுக்குவெட்டு:
வழிகாட்டி இழையில் நேவியர்தாசன் எழுதியதைப் பார்த்த எரிச்சலில்தான் இந்தத் தனி இழை. புதியவர்களுக்கு: அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் குவால்ஸ் என்பது பேராசிரியர் கமிட்டி நடத்தும் பிஎச்டி தகுதித் தேர்வு. ஆய்வேடு மட்டும் மிச்சமிருப்பவர் கேண்டிடேட். அந்த நிலை கேண்டிடசி. "கமிட்டி பாஸ்னு சொன்ன நிமிஷத்துலேர்ந்து நீங்க பிஎச்டி கேண்டிடேட்" என்கிறார். அதற்கு லைக் வேறு குவிகிறது. கமிட்டி கையெழுத்துப் போடுவது தேர்வு அறிக்கையில். கேண்டிடசிக்கு விண்ணப்பம் தனி. பாட கிரெடிட் நிறைந்ததா, சராசரி மதிப்பெண் இருக்கிறதா, 'இன்கம்ப்ளீட்' (முடிக்காமல் விட்ட பாடம்) ஏதும் தொங்குகிறதா, ஆய்வேட்டுக் கமிட்டி முறைப்படி அமைந்ததா என்றெல்லாம் பார்த்து கிராஜுவேட் அலுவலகம் ஒப்புதல் தரும் தேதிதான் கேண்டிடசி தேதி. தேர்வுத் தேதி அல்ல.

நேவியர்தாசன்:
வாங்க ரிஜிஸ்ட்ரார் சார். பாஸானவனை எந்த அலுவலகமும் திருப்பி அனுப்பாது. படிவம் வெறும் சடங்கு. வாய்மொழித் தேர்வுல கரும்பலகை முன்னாடி நிக்கிற அந்த ரெண்டு மணி நேரம்தான் விஷயம். அதைப் பத்தி எழுதினா நாலு பேருக்கு உபயோகம்.

குறுக்குவெட்டு:
சடங்கா? கலிஃபோர்னியா பல்கலைக்கழக வளாகங்களில் வெளிமாநில, வெளிநாட்டு மாணவர்மேல் விழும் கூடுதல் கட்டணம், கேண்டிடசிக்குப் பிறகு முழுசாகத் தள்ளுபடி. அதிகபட்சம் 3 ஆண்டு. ஆனால் பருவம் தொடங்குமுன் ஒப்புதல் ஆகியிருக்க வேண்டும். தேர்வைப் பருவக் கடைசியில் முடித்துவிட்டு, "சடங்குதானே" என்று படிவத்தை மேசை டிராயரில் போட்டுவைத்தால் இன்னொரு பருவக் கட்டணம் தலையில். உங்கள் நிமிஷக் கணக்கு அங்கே செல்லாது. தேதி. தேதி.

திறன்மின்_தேவி:
அதே 3 ஆண்டு இடையில் விடுப்பு எடுத்தாலும் ஓடிக்கொண்டே இருக்கும், அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அவசரப்பட்டு முன்கூட்டியே கேண்டிடசி வாங்கியவருக்கு, ஆய்வு இழுத்தால் கடைசியில் கட்டணம் திரும்பி வரும். அது இருக்கட்டும், நீங்கள் இருவரும் எந்தத் தேர்வைப் பற்றிச் சண்டை போடுகிறீர்கள்? பெர்க்லி மின்னியல்–கணினித் துறையில் முதலில் ப்ரிலிம் (அடிப்படைப் பாட அறிவுத் தேர்வு), பிறகு குவால் (ஆய்வுத் திட்டம் குறித்த தேர்வு). இல்லினாய்ஸ் மின்னியலில் பெயர்கள் தலைகீழ்: முதலில் குவால், பிறகு ப்ரிலிம். மாசசூசெட்ஸ் எம்.ஐ.டி.யின் அதே துறையில் அறிவுச் சோதனையைப் பாடங்களில் வாங்கும் கிரேடே தீர்த்துவிடுகிறது. ஆய்வுக்குத் தனியாக ஒரு வாய்மொழி. முதல் கட்டத்தை மட்டும் தாண்டியவர் இந்த மூன்று இடத்திலும் கேண்டிடேட் இல்லை.

நேவியர்தாசன்:
எல்லாருக்கும் தெரிஞ்ச குவால்ஸைத்தான் சொல்றேன். அன்னிக்கே கேண்டிடேட்.

குறுக்குவெட்டு:
அப்படியானால் கண்டிஷனல் பாஸ்? "பாஸ், ஆனால் கன்ட்ரோல்ஸில் ஒரு பாடம் எடு" என்று கமிட்டி சொன்னால் அன்றே கேண்டிடேட்டா? நிபந்தனை தீர்ந்து, கமிட்டித் தலைவர் எழுதிக் கொடுத்த பிறகுதான் கோப்பு நகரும். அந்த நிபந்தனை வாய்வார்த்தையாக இருந்தால் இன்னும் மோசம். எந்தப் பாடம், எந்த கிரேடு, எந்தத் தேதிக்குள் என்று அறிக்கையிலேயே எழுதி வாங்க வேண்டும். இல்லாவிட்டால் ஆறு மாதம் கழித்து ஒருவர் பாடம் என்பார், இன்னொருவர் மறுதேர்வு என்பார்.

உத்தரம்:
தேதியை விடுங்க சாமி. பசங்க எதுல மாட்டிக்கறாங்கன்னு பார்ப்போம். மெக்கானிக்ஸ் வாய்மொழியில வழக்கமா வர்ற கேள்வி: கேண்டிலீவர் (ஒரு முனை மட்டும் சுவத்துல பதிஞ்ச உத்தரம்) நீளத்தை ரெண்டு மடங்காக்கினா நுனித் தொய்வு எத்தனை மடங்கு? தீஸிஸ் ஃபைனைட் எலிமென்ட்ல (பொருளைத் துண்டு துண்டாப் பிரிச்சு கம்ப்யூட்டர்ல போடற கணக்கு) இருக்கும், இதுக்கு வாய் திறக்காது. 8 மடங்கு. நீளத்தோட மும்மடி.

நேவியர்தாசன்:
16. நாலாம் அடுக்கு.

உத்தரம்:
நுனியில பளு வெச்சா மும்மடிதான், தம்பி. பளு பெருக்கல் நீளத்தின் மும்மடி, கீழே 3ஈஐ. ஈ பொருளோட விறைப்பு, ஐ குறுக்குவெட்டு வடிவத்தால வர்ற விறைப்பு. எந்தப் புத்தகத்துல வேணா பாருங்க.

நேவியர்தாசன்:
நுனிப் பளுன்னு கேள்வியில எங்க இருக்கு அண்ணே? சொந்த எடையில தொங்கினா நாலாம் அடுக்கு, கீழே 8ஈஐ. 16 மடங்கு. தூண் பளுவுல வளையற பக்லிங் இழையிலயும் நீங்க முனையை எப்படிப் பிடிச்சிருக்குன்னு (எண்ட் கண்டிஷன்) சொல்லாமத்தான் அடிச்சு விட்டீங்க.

திறன்மின்_தேவி:
"எந்தப் பளு?" என்று திருப்பிக் கேட்கிறானா என்பதற்காகவே கேட்கப்படும் கேள்வி இது. படம் போடாமல் 8, 16 என்று எண்ணை உதிர்ப்பவன் அங்கேயே பாதி விழுந்தான். அடுத்த கேள்வியும் தயாராக இருக்கும்: நீளத்தோடு செவ்வகக் குறுக்குவெட்டின் ஆழத்தையும் இரட்டித்தால்? நுனிப் பளுவுக்குத் தொய்வு பழைய அளவுக்கே வந்துவிடும். சொந்த எடை என்றால் எடையும் இரட்டிக்கிறது. 16 பெருக்கல் 2, வகுத்தல் 8. இன்னும் 4 மடங்கு தொய்வு மிச்சம்.

உத்தரம்:
நான் நுனிப் பளுன்னுதான் மனசுல வெச்சு எழுதினேன். படிக்கிறவங்களுக்குப் புரியும்.

குறுக்குவெட்டு:
உத்தரக் கணக்கு அருமை. 4 மடங்கோ 16 மடங்கோ, சரியாகச் சொன்னவரும் அன்று கேண்டிடேட் ஆவதில்லை.

ரெண்டாம்வருஷம்:
ஒரு சந்தேகம். கமிட்டியில அட்வைசரும் இருந்தா நமக்கு நல்லதா?

உத்தரம்:
நல்லதுதான், வாயை மூடிக்கிட்டு உட்கார்ந்தா. மாணவன் திணறும்போது அட்வைசர் பதில் எடுத்துக் கொடுத்தா மத்தவங்க கேள்வியை இறுக்குவாங்க. ஸ்லைடையும் குறைங்க. ரெண்டாவது ஸ்லைடுலயே மறிப்பாங்க, பின்னாடி இருக்கிற முப்பதும் போச்சு. முக்கியமான வரைபடத்தை முன்னாடி வைங்க. மெஷ்ஷை, அதாவது கணக்குக்காகப் பிரிச்ச கட்டங்களை, இன்னும் நுணுக்கினா விடை மாறுதான்னு கேட்டா, "சாஃப்ட்வேர் கன்வெர்ஜ் ஆச்சு"ன்னு மட்டும் சொல்லிடாதீங்க. ரெசிடுவல் (சமன்பாட்டுல மிச்சமாகற பிழை) இறங்கறது வேற, மெஷ்ஷைச் சாராத விடை வேற.

நேவியர்தாசன்:
சமன்பாடு தீர்க்கிற சால்வர் பத்தி எனக்கே வகுப்பா! ரெசிடுவல் இறங்காம மெஷ் ஸ்டடி போட்டா அதுவும் குப்பைதான்.

உத்தரம்:
இறங்க வேண்டாம்னு யார் சொன்னா?

குறுக்குவெட்டு:
இழைத் தலைப்புக்கு வாருங்கள். ரெண்டாம்வருஷம், தேர்வுக்கு முன்பே பார்த்து வைக்க வேண்டியது: கமிட்டியில் வெளித்துறை உறுப்பினர் தேவையா, அவருக்கு முன்னனுமதி வேண்டுமா என்பது. அனுமதி இல்லாதவரை வைத்துத் தேர்வு நடத்தினால் தேர்வே செல்லாமல் போகலாம். பழைய 'இன்கம்ப்ளீட்'டையும் முன்பே தீர்த்துவிடுங்கள். தேர்வு முடிந்த அறையிலேயே எல்லோரிடமும் கையெழுத்து வாங்குங்கள். ஒருவர் ஊருக்குப் போனாலும் படிவம் நின்றுவிடும். ஒப்புதல் கடிதம் வரும்வரை லிங்க்ட்இன்னில் 'கேண்டிடேட்' என்று போடாதீர்கள். அந்தத் தேதிதான் தேதி.

நேவியர்தாசன்:
போடுங்க தம்பி, தாராளமா போடுங்க. கமிட்டி கை குலுக்கினா நீங்க கேண்டிடேட். இவர் ரப்பர் ஸ்டாம்புக்குக் காத்துக்கிட்டு இருக்கட்டும்.

குறுக்குவெட்டு:
கை குலுக்கியதற்கு எந்த அலுவலகமும் கட்டணத் தள்ளுபடி தருவதில்லை. கண்டிஷனல் பாஸ் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை, கவனித்தேன்.

நேவியர்தாசன்:
கண்டிஷனல் பாஸும் பாஸ்தான்.

குறுக்குவெட்டு:
தேதி?