லேப்ரடாருக்குக் காது திரும்பத் திரும்பப் புண்ணாகிறது, என்ன செய்யலாம்?

காட்பாடி லேப்:
எங்கள் பையனுக்கு நாலு வயது. ஐப்பசி மழை ஆரம்பித்தாலே தலையை உதறிக்கொண்டே இருக்கிறான், காதைச் சுவரில் தேய்க்கிறான், உள்ளே பழுப்பாக மெழுகு மாதிரி அழுக்கு, புளித்த வாடை. சொட்டு மருந்து விட்டால் அடங்குகிறது, நிறுத்தினால் மறுபடி வருகிறது. வீட்டில் பெரியவர்கள் வேப்பெண்ணெய் காய்ச்சி விடச் சொல்கிறார்கள். விடலாமா?

ஆற்காட்டு அக்கா:
வேண்டவே வேண்டாம் தம்பி. நாய்க்குக் காதுக்குழாய் நேராகக் கீழே இறங்கி அப்புறம் உள்பக்கம் திரும்பும், அதனால் எதை ஊற்றினாலும் அடியில் போய்த் தங்கிவிடும். செவிப்பறை கிழிந்திருந்தால் இன்னும் ஆபத்து, ஜென்டாமைசின் மாதிரி மருந்து உள்காதில் இறங்கினால் காதே கேட்காமல் போகலாம். டாக்டர் உள்ளே விளக்கு வைத்துப் பார்த்தாரா? அழுக்கைப் பஞ்சில் எடுத்து மைக்ரோஸ்கோப்பில் பார்க்கச் சொல்லுங்கள். மலசீசியா என்கிற ஈஸ்டுக்கு ஒரு மருந்து, பாக்டீரியாவுக்கு வேறு மருந்து. வாடை போனதும் நிறுத்திவிடாதீர்கள், மறுபடி பஞ்சில் எடுத்துப் பார்த்துச் சுத்தம் என்று அவர் சொன்ன பிறகுதான் நிறுத்த வேண்டும்.

குடியாத்தம் வாசி:
அக்கா சொன்னது சரி, ஆனால் எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. இப்படி விடாமல் வந்தால் பெரும்பாலும் வேர் காதில் இல்லை, தோல் அலர்ஜியில் இருக்கிறது. பாதத்தை நக்குகிறானா, அக்குள் சிவக்கிறதா?

காட்பாடி லேப்:
ஆமாம் சார், முன்னங்கால் விரல் இடுக்கில் முடியே செம்பட்டை ஆகிவிட்டது. சாப்பாடு தினமும் கோழி, சோறு, கொஞ்சம் தயிர்.

குடியாத்தம் வாசி:
செம்பட்டை ஆனது எச்சில் கறை. அதிகம் அலர்ஜி தருகிறவற்றில் மாட்டிறைச்சி, பால், கோழி, கோதுமை எல்லாம் உண்டு. டாக்டரிடம் கேட்டுக்கொண்டு 8 வாரம், அவன் இதுவரை சாப்பிடாத ஒரே ஒரு இறைச்சியும் சோறும் மட்டும் கொடுங்கள். பிஸ்கட், பால், பக்கத்து வீட்டு எலும்பு எதுவும் கூடாது, ஒரு துண்டு உள்ளே போனாலும் சோதனை கெட்டுவிடும். அரிப்பு குறைந்தால் பழைய சாப்பாட்டைத் திரும்பக் கொடுத்துப் பாருங்கள், மறுபடி வந்தால் உணவுதான் காரணம். வராவிட்டால் தூசி, மகரந்தம் பக்கம் பார்க்க வேண்டும், அதற்கு வேறு வைத்தியம்.

ஆற்காட்டு அக்கா:
இன்னொன்று, பட்ஸ் போடாதீர்கள், அழுக்கை உள்ளே தள்ளிவிடும். டாக்டர் தரும் காது கழுவும் திரவத்தை விட்டு, காதின் அடியைப் பிசைந்து, அவன் உதறியதும் வெளியே வந்ததை மட்டும் துடையுங்கள். காதின் அடி தொட்டால் கெட்டியாக இருந்தாலோ தலை ஒரு பக்கம் சாய்ந்தாலோ தாமதிக்காமல் சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். குழாய் தடித்து அடைத்துவிட்டால் ஆபரேஷன் ஒன்றுதான் மிச்சம்.