டிரான்ஸ்பார்மர் வெடித்தால் அணு உலை என்ன ஆகும்?

மூக்கையூர் நாட்டுப்படகு

போன வாரம் பொழுது சாய்கிற நேரத்தில் எங்கள் தெரு டிரான்ஸ்பார்மர் வெடித்து, கம்பத்தடியில் எண்ணெய் கொட்டியது. ராத்திரி முழுக்கக் கரண்ட் இல்லை. வைத்திருந்த நகரை மீனும் சூடை மீனும் விடிவதற்குள் பதம் கெட்டுவிட்டன. அன்றிலிருந்து டீக்கடையில் ஒரே பேச்சு: "இதுவே இப்படி என்றால், கூடங்குளத்தில் இருப்பது வெடித்தால்?"

தேடிப் பார்த்தேன், அப்படி நடந்திருக்கிறது. 2015 மே 9, அமெரிக்காவில் ஹட்சன் ஆற்றங்கரை, இந்தியன் பாயிண்ட் அணுமின் நிலையம். மூன்றாவது யூனிட்டின் பெரிய டிரான்ஸ்பார்மர் வெடித்துத் தீப்பிடித்தது. உலை தானாகவே நின்றுவிட்டது. கதிர்வீச்சு வெளியே வரவில்லை. ஆனால் ஆயிரக்கணக்கான லிட்டர் எண்ணெய் ஆற்றில் கலந்தது. வெளியே நிற்கிற ஒரு டிரான்ஸ்பார்மருக்கே நின்றுபோகிற உலையை எப்படி நம்புவது?

தங்கச்சிமடம் சுவிட்ச்யார்டு

தம்பி, முப்பது வருஷம் சப்ஸ்டேஷனில் நின்றவன் சொல்கிறேன், அது நின்றதுதான் சரி. நிற்காமல் ஓடியிருந்தால்தான் நான் பயந்திருப்பேன்.

ஜெனரேட்டரிலிருந்து வரும் மின்சாரத்தை லட்சக்கணக்கான வோல்ட்டுக்கு ஏற்றி லைனில் விடுவது அந்த டிரான்ஸ்பார்மர். கூடங்குளத்தில் 4 லட்சம் வோல்ட். அது போய்விட்டால் மின்சாரத்துக்குப் போக்கிடம் இல்லை. உள்ளே பழுது என்று ரிலே (பழுதைக் கண்டறிகிற கருவி) கண்டதும் பிரேக்கர் (லைனைத் துண்டிக்கிற பெரிய சுவிட்ச்) திறக்கும், டர்பைனுக்குப் போகிற நீராவி அடைபடும், உலையும் நிற்கும். கூடங்குளம் மாதிரி உலைகளில், உள்ளே இறங்கினால் அணுப்பிளவை நிறுத்துகிற கட்டுப்பாட்டுக் கம்பிகளை மேலே பிடித்துவைத்திருப்பதே மின்சாரம்தான். அதை நிறுத்தினால் கம்பிகள் சொந்த எடையில் சில நொடிகளுக்குள் இறங்கிவிடும். கயிற்றை விட்டால் நங்கூரம் இறங்குகிற மாதிரி. யாரும் ஓடிப்போய்ப் பொத்தானை அழுத்த வேண்டியதில்லை.

பாம்பன் பாசிக்காரி மகள்

ஐயா, நின்றதோடு கதை முடிந்துவிட்ட மாதிரி எழுதுகிறீர்களே. புகுஷிமாவிலும் உலைகள் நிற்கத்தான் செய்தன. 2011 மார்ச் 11, நிலநடுக்கம் வந்ததும் ஓடிக்கொண்டிருந்த மூன்றும் தானாக நின்றன. வெளியிலிருந்து வரும் கரண்ட் போனது. அப்புறம் சுனாமி வந்து டீசல் ஜெனரேட்டர்களை மூழ்கடித்தது. அதன் பிறகுதான் உலைக்குள் எரிபொருள் உருகியது.

அடுப்பை அணைத்தாலும் கங்கு கனன்றுகொண்டே இருக்கும். 1000 மெகாவாட் மின்சாரம் தரும் உலை ஏறக்குறைய 3000 மெகாவாட் வெப்பத்தில் ஓடுகிறது. நின்ற நொடியிலும் அதில் 6, 7 சதவீதம் மிச்சம், அதாவது சுமார் 200 மெகாவாட் வெப்பம். அதை ஆற்றப் பம்பு ஓட வேண்டும், பம்புக்குக் கரண்ட் வேண்டும். கரண்ட் வருகிற வழியில் உட்கார்ந்திருப்பதும் டிரான்ஸ்பார்மர்தானே?

தங்கச்சிமடம் சுவிட்ச்யார்டு

நியாயமான கேள்வி அம்மா. ஆனால் இரண்டும் ஒரே டிரான்ஸ்பார்மர் இல்லை. மின்சாரத்தை வெளியே அனுப்புவது வேறு, நிலையத்துக்கு வெளியிலிருந்து கரண்ட் எடுத்துத் தருவது வேறு. இந்தியன் பாயிண்ட்டில் போனது அனுப்புகிற பக்கம். எடுக்கிற பக்கமும் போனால் டீசல் இருக்கிறது.

டீசலும் கைகொடுக்காத நாளை நம் நாடே பார்த்திருக்கிறது. 1993 மார்ச் 31, உத்தரப் பிரதேசம் நரோரா. டர்பைன் இறகு முறிந்து தீப்பிடித்து, கேபிள்கள் எரிந்து, 17 மணி நேரம் நிலையத்தில் கரண்ட் இல்லை. வேலை பார்த்தவர்கள் டீசலில் ஓடுகிற தீயணைப்புப் பம்புத் தண்ணீரை நீராவிக் கலங்களுக்கு விட்டு உலையை ஆற்றினார்கள். கதிர்வீச்சு வெளியே போகவில்லை. கூடங்குளத்திலோ கரண்டே இல்லாமல் காற்றோட்டத்தால் வெப்பத்தை இறக்குகிற ஏற்பாட்டைக் கட்டும்போதே வைத்திருக்கிறார்கள்.

கீழக்கரை மாணவன்

காக்கா, ஏற்பாடு இருப்பது வேறு, அந்த நாளில் எல்லாம் ஒழுங்காக நடப்பது வேறு. ஜெர்மனியில் ஹாம்பர்க் பக்கம் க்ரூம்மெல் நிலையம். 2007 ஜூன் 28 டிரான்ஸ்பார்மர் எரிந்தது, உலை நின்றது. ஆனால் புகை கட்டுப்பாட்டு அறைக்குள்ளேயே வந்துவிட்டது. இரண்டு வருஷம் மூடி வைத்துத் திறந்தார்கள். 2009 ஜூலை 4, மறுபடியும் டிரான்ஸ்பார்மர் கோளாறு, மறுபடியும் நின்றது. ஹாம்பர்க் நகரத்தில் சிக்னல் விளக்குகள் அணைந்தன. அதோடு சரி, அது திரும்ப ஓடவே இல்லை.

இந்தியன் பாயிண்ட்டிலும் தீயணைப்புத் தண்ணீர் சுவிட்ச்கியர் அறைத் தரையில், அதாவது நிலையத்துக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கிற சுவிட்ச்சுகள் உள்ள அறையில், தேங்கியது. அதை விசாரிக்க அமெரிக்க அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையம் தனிக் குழுவையே அனுப்பியது. சின்ன விஷயம் என்றால் எதற்குக் குழு?

தங்கச்சிமடம் சுவிட்ச்யார்டு

சின்ன விஷயம் என்று நான் எங்கேயும் எழுதவில்லை. சுவிட்ச்கியர் அறையில் தண்ணீர் நிற்கக் கூடாது, அதில் உன் பக்கம்தான் நான். உலை வெடித்துவிடும் என்கிற டீக்கடைப் பேச்சைத்தான் மறுக்கிறேன்.

பாம்பன் பாசிக்காரி மகள்

சரி, உலையை விடுங்கள். எண்ணெய்க்கு என்ன பதில்? அம்மா முகக்கண்ணாடி கட்டிக்கொண்டு குருசடைத் தீவுப் பக்கம் பாசி எடுத்தவர். அந்தத் தண்ணீர் இடுப்பளவு, கழுத்தளவுதான். எண்ணெய் படர்ந்தால் முதலில் பாசி போகும், கடல்புல் போகும், அதைத் தின்கிற ஆவுளியா என்கிற கடல்பசு போகும். மன்னார் வளைகுடாவின் 21 தீவும் இப்படித்தான். கூடங்குளமும் இதே கடலோரம்தான்.

தங்கச்சிமடம் சுவிட்ச்யார்டு

இதற்கு என்னிடம் எதிர்வாதம் இல்லை. பெரிய டிரான்ஸ்பார்மருக்கு அடியில் கருங்கல் ஜல்லி பரப்பிய தொட்டி இருக்கும். எண்ணெய் அதில் இறங்கி, குழாய் வழியாகச் சேகரிப்புத் தொட்டிக்குப் போக வேண்டும். இந்தியன் பாயிண்ட்டில் தீயணைக்க விட்ட தண்ணீரும் சேர்ந்து தொட்டி நிரம்பி வழிந்துவிட்டது. எண்ணெய் தண்ணீருக்கு மேலே மிதக்கும், ஆகவே முதலில் வழிவதும் எண்ணெய்தான்.

கேட்பதானால் இதைக் கேளுங்கள். தொட்டி எண்ணெயை மட்டும் தாங்குமா, தீயணைக்கிற தண்ணீரையும் சேர்த்துத் தாங்குமா? ஐப்பசி மழையில் அது ஏற்கெனவே நிரம்பி நின்றால் யார் இறைப்பது? என் வேலைக்காலத்தில் மழை விட்டதும் முதல் வேலையாகப் போய் ஜல்லியை விலக்கிப் பார்ப்பேன். சில நாள் முழங்கால் ஆழம் தண்ணீர் நிற்கும்.

மூக்கையூர் நாட்டுப்படகு

ஐயா, உலை நின்றதைக் குறையாக எழுதியது என் பிழை. டீக்கடையில் நங்கூரத்தைச் சொல்லியே விளக்குகிறேன். அக்கா கேட்டதையும் நீங்கள் சொன்ன இரண்டு கேள்வியையும் எழுதி எடுத்துக்கொண்டேன், ஞாயிற்றுக்கிழமை ஊர்க்கூட்டத்தில் வைக்கிறேன்.

இன்று காலை கம்பத்தடிக்குப் போனேன். மணல் இன்னும் கறுப்பாகவே கிடக்கிறது, விரல் வைத்தால் பிசுபிசுக்கிறது. அங்கிருந்து பத்தடியில் வாய்க்கால், அது நேரே கடலுக்குப் போகிறது. மழைக்கு முன்னால் அள்ளிவிட வேண்டும், மண்வெட்டி எடுத்துவைத்திருக்கிறேன். அள்ளிய மண்ணை எங்கே போடலாம், ஐயா?