புதுப்பிப்பு: குறைவாகச் சாப்பிட்டால் ஆயுள் கூடுமா?

கலோரி குறைத்த எலிகள் நீண்ட நாள் வாழ்ந்ததாக 1935-இல் கிளைவ் மெக்கே குழு காட்டியதைப் போன இழையில் எழுதியிருந்தேன். "எலி சரி, மனிதருக்கு?" என்று பலர் கேட்டீர்கள். அதற்குத்தான் இது.

இதில் முக்கியமானது அமெரிக்காவில் மனிதர்களிடம் நடந்த கேலரி (CALERIE) என்ற ஆய்வு. உடல்பருமன் இல்லாத 200-க்கும் மேற்பட்டோர், 2 ஆண்டுகள். கலோரியை 25% குறைக்கச் சொன்னார்கள். முடிந்தது சுமார் 12%தான். அதற்கே ரத்த அழுத்தமும் கெட்ட கொழுப்பும் இறங்கின. அவர்களின் ரத்த மாதிரிகளில் டி.என்.ஏ.வை ஆராய்ந்து 2023-இல் வெளியான முடிவில், மூப்படையும் வேகம் ஓர் அளவீட்டில் 2 முதல் 3% குறைந்திருந்தது. வேறு இரண்டு அளவீடுகளில் மாற்றமே இல்லை. இதைச் சொல்லாமல் "இளமை திரும்பியது" என்று பரப்புவது எனக்கு உடன்பாடில்லை. இடுப்பிலும் முதுகெலும்பிலும் எலும்பின் அடர்த்தி கொஞ்சம் குறைந்ததையும் யாரும் பேசுவதில்லை.

குரங்குகளின் கதை இன்னும் சுவாரசியம். அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழக ஆய்வில், கலோரி குறைத்த குரங்குகளுக்கு ஆயுள் கூடியது. அமெரிக்க தேசிய முதுமை ஆய்வு நிறுவனத்தில் கூடவில்லை. விஸ்கான்சின் தீனியில் சர்க்கரை அதிகம், ஒப்பீட்டுக்கு வைத்த குரங்குகளும் இஷ்டத்துக்குத் தின்றன. மற்ற இடத்தில் அவற்றுக்கும் அளந்துதான் போட்டார்கள். அதாவது, யாரோடு ஒப்பிடுகிறோம் என்பதிலேயே பாதி விடை இருக்கிறது.

அப்புறம், இன்சுலின் போட்டுக்கொண்டே விரதம் இருக்கலாமா என்று கேட்டவருக்கு: மருத்துவரிடம் பேசி மருந்தின் அளவை மாற்றாமல் தொடங்காதீர்கள். சர்க்கரை சட்டென்று இறங்கி மயங்கிவிட வாய்ப்பு உண்டு.