'எங்கள் ஊர்க் கடல்' ஓவியப் போட்டிக்கு ஏஐ படத்தைப் பார்த்து வரைந்து வருகிறார்கள், என்ன செய்யலாம்?

மண்டபம் ஓவிய டீச்சர்:

எல்லோருக்கும் வணக்கம். மண்டபம் பக்கம் ஒரு பள்ளியில் எட்டு, ஒன்பதாம் வகுப்புக்கு ஓவியம் சொல்லித் தருகிறேன். வகுப்பு ஓவியப் போட்டிக்கு 'எங்கள் ஊர்க் கடல்' என்று தலைப்புக் கொடுத்து வீட்டில் வரைந்து வரச் சொன்னேன். வந்ததில் பாதிக்கு மேல், அப்பா அம்மா செல்போனில் ஏஐயிடம் கேட்டு வாங்கிய படத்தை அப்படியே சார்ட்டில் ஏற்றி வண்ணம் அடித்தவை. வரையத் தெரியாத பிள்ளைகள் செய்தால்கூடப் பரவாயில்லை, நன்றாக வரைகிற பிள்ளைகளும் அதையே செய்திருப்பதுதான் மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. நம் வல்லத்தையும் காணோம், விசைப்படகையும் காணோம், வெளிநாட்டுக் காலண்டரில் வருவது போல வெள்ளைப் பாய் விரித்த படகுகள். கடல்பாசி எடுக்கப் போகும் குடும்பத்துப் பிள்ளை ஒன்று, பட்டுச் சேலையும் நகையுமாக ஒரு பெண் கூடையோடு கரையில் நிற்பதை வரைந்திருக்கிறது. சேலைக்கு மேல் சட்டை போட்டு, கண்ணாடி மாட்டி, விரலில் துணி சுற்றிக்கொண்டு கடலில் முங்குகிற பெண்களைத் தினமும் பார்த்து வளர்கிற பிள்ளை அது.

இதைத் தடை செய்வதா, மதிப்பெண்ணைக் குறைப்பதா? ஒரு அப்பா என்னிடம் நேராகவே கேட்டார்: "ஒரு வரி சொன்னா படம் வந்துடுது, இனிமே டிராயிங் பீரியட் எதுக்கு டீச்சர்?" அவருக்கு நான் என்ன சொல்ல?

ராம்நாடு போர்டு ஆர்ட்டிஸ்ட்:

டீச்சர், கடைப் பலகை, சுவர் விளம்பரம், படகுப் பெயர் எழுதிப் பிழைத்தவன் நான். ஃப்ளெக்ஸ் வந்ததும் பலகை வேலை போய்விட்டது, கம்ப்யூட்டர் பழகிக்கொண்டேன். இப்போது காதுகுத்து பேனருக்கு வருகிறவர்கள் படத்தை ஏஐயில் போட்டுக் கையோடு கொண்டுவந்துவிடுகிறார்கள், பிரிண்ட் காசு மட்டும்தான் என்கிறார்கள். வருமானம் குறைந்தது உண்மை. ஆனால் தடை போட்டு இது நிற்காது. ஃப்ளெக்ஸ் காலத்திலும் எழுத்தின் கனம், இடைவெளி, எட்ட நின்று படிக்கிறவன் கண்ணுக்கு எது முதலில் படும் என்பதெல்லாம் தெரிந்தவர்கள்தான் தாக்குப்பிடித்தார்கள். அதனால் ஏஐ படத்தையே வகுப்பில் மாட்டுங்கள், இதில் நம் ஊருக்குப் பொருந்தாதது என்னென்ன என்று பிள்ளைகளையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். அணியத்தின், அதாவது படகின் முன்பக்கத்தின், வளைவு தப்பு, நங்கூரம் தப்பு, வலை தப்பு என்று மீனவர் வீட்டுப் பிள்ளைகள் பிடித்துவிடுவார்கள்.

அப்புறம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகளைக் கரையேற்றி மராமத்து பார்ப்பார்கள். தண்ணீருக்கு அடியில் மறைந்திருக்கும் பாகமெல்லாம் அப்போதுதான் முழுசாகத் தெரியும், படகு அசையாமலும் நிற்கும். வரைவதற்கு அதைவிட நல்ல சமயம் கிடையாது.

தங்கச்சிமடம் தம்பி:

டீச்சர், நான் கும்பகோணம் கவின் கலைக் கல்லூரியில் படிக்கிறேன். படகு ஏன் தப்பாக வருகிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன், அந்த அப்பாவுக்கு விளக்க உதவும். 2022ல் வெளிவந்த ஸ்டேபிள் டிஃப்யூஷன் என்ற பட ஏஐயைப் பழக்கியது லயன்-5பி என்ற தொகுப்பிலிருந்து எடுத்த படங்களை வைத்து. அந்தத் தொகுப்பில் மொத்தம் 585 கோடி படங்கள், ஒவ்வொன்றோடும் இணையத்தில் ஒட்டியிருந்த விவரக் குறிப்பு. படத்தில் புள்ளி புள்ளியாக இரைச்சலைச் சேர்த்து, அதை நீக்கி நீக்கிப் படத்தை மீட்கப் பழக்குகிறார்கள். அப்படிப் பழகியது எதை அதிகம் பார்த்ததோ அதன் பக்கமே சாயும். பாக் நீரிணையின் வத்தை என்ற நாட்டுப்படகைப் பெயர் சொல்லி யாரும் அதிகம் படம் போட்டு வைக்கவில்லை, அதற்கு எங்கிருந்து தெரியும்?

அந்தப் படங்களை வரைந்தவர்களிடம் யாரும் அனுமதி கேட்கவும் இல்லை. 2023 ஜனவரியில் அமெரிக்காவில் ஓவியர்கள் வழக்கே போட்டார்கள். இதையும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். 2024ல் ஏ.ஆர்.ரஹ்மான் மறைந்த பம்பா பாக்யா, சாகுல் ஹமீது குரல்களை ஏஐ மூலம் ஒரு பாட்டில் கொண்டுவந்தபோது குடும்பத்தாரிடம் அனுமதி வாங்கினார், சன்மானமும் கொடுத்தார். கேட்டுச் செய்வதும் கேட்காமல் எடுப்பதும் ஒன்றல்ல.

அண்ணன் சொன்னதில் ஒன்று மட்டும் எனக்கு ஒப்பவில்லை. எட்டாம் வகுப்பில் ஏஐ படத்தைச் சுவரில் மாட்ட வேண்டாம். தன் கோடு கோணலாக இருக்கிறதே என்று கூசுகிற வயசு அது. வழவழவென்று ஒன்றை முன்னால் வைத்தால் பென்சிலைக் கீழே வைத்துவிடுவார்கள். கை கொஞ்சம் பழகட்டும், பதினொன்றாம் வகுப்பில் பார்த்துக்கொள்ளலாம்.

ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர், பரமக்குடி:

தம்பி சொல்வதுதான் எனக்கும் சரியாகப் படுகிறது. ஆனால் டீச்சர், பிள்ளைகளைக் குறை சொல்வதற்கு முன் ஒன்று யோசிக்க வேண்டும். பல வருஷம் போட்டிகளுக்கு நடுவராகப் போயிருக்கிறேன். பரிசு எப்போதும் சுத்தமாக, பளபளப்பாக முடித்த படத்துக்குத்தான் போகும். தென்னை, சூரியன், படகு என்று புத்தகத்தைப் பார்த்து வரைந்ததற்குப் பரிசு கொடுத்த காலம் ஏஐக்கு ரொம்ப முந்தியது. பிள்ளைகள் அதைச் சரியாகப் புரிந்துகொண்டுதான் இப்போது அதே பளபளப்பை மெஷினிடம் வாங்குகிறார்கள். நடுவர்கள் மாறாமல் தடை மட்டும் போட்டால் என்ன பயன்?

ராமநாதபுரம் அரண்மனையில் இருக்கிற ராமலிங்க விலாசத்துக்குப் பிள்ளைகளை ஒருமுறை கூட்டிப் போங்கள். ராமநாதபுரத்தை ஆண்ட முத்து விஜயரகுநாத சேதுபதி காலத்துச் சுவரோவியங்கள், 18ஆம் நூற்றாண்டின் தொடக்கம். ராமாயணக் காட்சிகளோடு, சேதுபதியைப் பார்க்க வந்த ஐரோப்பியர்களையும் தஞ்சை மராத்தியரோடு நடந்த சண்டையையும் தீட்டியிருக்கிறார்கள். கதையோடு தங்கள் காலத்தையும் சுவரில் ஏற்றிய ஓவியர்கள். அங்கே உட்கார்ந்து ஒரு முகம், ஒரு கை, ஒரு குதிரை என்று நோட்டில் வரையட்டும். மதிப்பெண்ணை அந்த நோட்டுக்குப் பாதி கொடுங்கள், முடித்த படத்துக்குப் பாதி போதும்.

மண்டபம் ஓவிய டீச்சர்:

ஐயா, நோட்டுக்கு மதிப்பெண் என்பதை இந்த வாரமே தொடங்குகிறேன். படத்தை இனி வகுப்பில்தான் வரைய வேண்டும், வரைந்ததில் எதை எங்கே பார்த்தாய் என்று ஒவ்வொரு பிள்ளையிடமும் கேட்கப்போகிறேன். அந்த அப்பா விசைப்படகில் போகிறவர். தடைக்காலத்தில் அவர் படகையே வரைய அனுமதி கேட்டிருக்கிறேன், சரி என்றுவிட்டார். போர்டு ஆர்ட்டிஸ்ட் அண்ணே, நீங்கள் பெயர் எழுதுவதைப் பிள்ளைகளுக்குக் காட்ட ஒருநாள் வர முடியுமா?

ராம்நாடு போர்டு ஆர்ட்டிஸ்ட்:

கண்டிப்பாக வருகிறேன் டீச்சர். தடைக்காலம் தொடங்கியதுமே வேண்டாம், முதலில் தச்சு வேலைதான் நடக்கும், பெயிண்ட் அதற்கு அப்புறம்தான். மே மாதம் காலையில் வெயிலுக்கு முந்தி வைத்துக்கொள்ளலாம், பிரஷ் நான் கொண்டுவருகிறேன்.